முதலில் கீமோ என்றார்கள்

எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. பெரியப்பா மகனுக்கு, அதாவது எங்கள் எல்லாருக்கும் மூத்த அண்ணனுக்கு, மூக்குக்குள் வந்த கட்டியை அறுத்து எடுக்காமல் விட்டது சரியா என்பதுதான் அது. பட்டர்வொர்த்தில் இருக்கும் மாமா இன்றைக்கும் விடமாட்டார். "புத்துன்னு தெரிஞ்சா மொதல்ல வெட்டி எறியணும், மருந்து மாத்திரையெல்லாம் அப்புறம்" என்பார். கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் சொல்வார்.

அவர் சொல்வதை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. டாக்டர்களும் பல காலம் ஏறக்குறைய அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூக்கிலும் அதைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளிலும் வருகிற சில முரட்டுப் புற்றுகளுக்கு அந்த வரிசை தலைகீழானது அண்மைக் காலத்தில்தான். எல்லா வகைக்கும் மாறிவிடவில்லை, அதுதான் விஷயத்தின் சிக்கலே. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், டாக்டர் இல்லை. அண்ணனோடு போய் உட்கார்ந்து, கேட்டு, வீட்டுக்கு வந்து ராத்திரி படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மலேசியாவில் மூக்குப் புற்று என்றாலே எல்லாருக்கும் நினைவு வருவது பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய்தான். புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த பையன், நம் பக்கத்து ஆள். 2018இல் அவருக்கு ஆரம்பநிலை மூக்குப் புற்று என்று செய்தி வந்தது, தைவானில் போய்ச் சிகிச்சை எடுத்தார், 2019 ஜூனில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அண்ணனுக்கு நோய் தெரிந்த அன்றே வீட்டுக்கு வந்த எல்லாரும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். நம் ஊரில் மூக்குப் புற்று என்று பேச்சில் அடிபடுவது பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் சேருகிற இடத்தில், பின்னால் வருகிற புற்று. சீனர்களிடையே அதிகம், சரவாக்கின் பிடாயூ மக்களிடையே உலகிலேயே மிக அதிகம் என்று சொல்லும் அளவுக்கு உண்டு. எப்ஸ்டீன் பார் வைரஸோடு தொடர்புள்ளது. ரேடியேஷனுக்கு நன்றாகக் கரையும், அதனால் அங்கே கத்திக்கு ஆரம்பத்திலிருந்தே வேலை குறைவு.

அண்ணனுக்கு வந்தது அது இல்லை. அவருடையது மூக்கின் உள்ளறையிலும், கண்களுக்கு நடுவில் இருக்கும் எத்மாய்டு என்கிற சிறு அறைகளிலும் கிளம்பியது. தலை, கழுத்துப் பகுதியில் வருகிற புற்றுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இடத்தில் வருவது 100இல் 3 முதல் 5 வரைதான். அந்தக் கொஞ்சத்துக்குள்ளேயும் பத்துப் பதினைந்து வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. இடமோ படுமோசம். எத்மாய்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள எலும்பு முட்டை ஓடு மாதிரி மெல்லியது. மேலே மூளை, பின்னால் கண் நரம்பு, அதற்குப் பக்கத்திலேயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி. வயிற்றில் ஒரு கட்டி என்றால் சுற்றி நாலு விரல் சேர்த்து வெட்டி எடுக்கலாம். இங்கே நாலு விரல் என்றால் கண் போய்விடும்.

ஆரம்பம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு பக்க மூக்கு அடைப்பு. புகைமூட்டம் இருந்த காலம், ஊரே தும்மிக்கொண்டிருந்தது. பக்கத்து கிளினிக்கில் சைனஸ் என்று ஸ்ப்ரே கொடுத்தார்கள், அப்புறம் ஆன்டிபயாடிக், அப்புறம் வேறு ஸ்ப்ரே. சளியில் ரத்தம் வந்ததை அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. மேல் கன்னம் மரத்துப்போனதைப் பல்வலி என்று நினைத்துக்கொண்டார். அண்ணிதான் கல்யாணப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "ஏன் இவருக்கு வலது கண்ணு மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளுன மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அப்புறம்தான் காது மூக்கு தொண்டை ஸ்பெஷலிஸ்ட், சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ, பயாப்ஸி. அந்த கிளினிக்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் மூக்கடைப்போடு வருகிற ஆயிரம் பேரில் இந்த நோய் ஒருவருக்குக்கூட இருக்காது என்பதும் உண்மைதானே. ஒரே பக்கமாக, வாரக்கணக்கில், ரத்தத்தோடு என்று மூன்றும் சேர்ந்தால் மட்டும் ஸ்ப்ரேயோடு நிறுத்தக் கூடாது.

பயாப்ஸி எடுத்தபிறகு ரிப்போர்ட் வரவில்லை. முதலில் கேட்டபோது புற்றுதான், ஆனால் என்ன வகை என்று சொல்ல இன்னும் சோதனை போகிறது என்றார்கள். ஒரு வாரம், இன்னொரு வாரம் என்று போனது. மாமா கொதித்துவிட்டார். "கட்டிதான் கண்ணுக்கே தெரியுதே, இன்னும் என்னத்த பார்க்குறாங்க?" எனக்கும் அப்போது அதே எரிச்சல். அந்த இரண்டு மூன்று வாரம்தான் சிகிச்சையிலேயே முக்கியமான பகுதி என்று எங்களுக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

வார்டில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் பொறுமைசாலி, கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து காட்டினார். சாதாரணச் சாயத்தில் பார்த்தால் ஊதா நிறத்தில் வட்ட வட்டமாக, நெருக்கியடித்து நிற்கும் செல்கள். இந்த இடத்தில் வருகிற அரை டஜன் நோய்கள் இப்படியேதான் தெரியும், கண்ணால் பிரிக்க முடியாது என்றார். அதனால் ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனியாகச் சாயம் போடுகிறார்கள். புரதம் இருந்தால் செல் பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். ஐஎன்ஐ1 என்று ஒரு சாயம். அதில் கட்டியின் செல்கள் மட்டும் வெறுமையாக நின்று, நடுவில் ஓடுகிற ரத்தக் குழாயின் சாதாரண செல்கள் பழுப்பாகத் தெரிந்தால் அது ஒரு தனி நோய். அந்தப் புரதத்தைக் கொடுக்கும் மரபணு தொலைந்துபோனதால் வருவது. 2014இல்தான் அதை மூக்குப் பகுதியில் தனியாக அடையாளம் கண்டார்கள். நட் என்கிற இன்னொரு சாயத்தில் செல்லின் கருவுக்குள் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது வேறு நோய், எல்லாவற்றிலும் கொடியது. வைரஸுக்கு ஒரு சோதனை, மெலனோமாவுக்கு ஒன்று, நரம்புச் செல்லிலிருந்து வந்ததா என்று பார்க்க ஒன்று. அண்ணனுக்கு ஐஎன்ஐ1 பழுப்பாகவே இருந்தது. நட் இல்லை, வைரஸ் இல்லை. மேல்தோல் செல்லின் அடையாளமான கெரட்டின் மட்டும் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றொன்றாகத் தள்ளிவிட்டு கடைசியில் மிஞ்சுகிற பெயரைத்தான் அவருக்குக் கொடுத்தார்கள்: எந்த வகையென்று உருப்பெறாத சைனஸ் புற்று. டாக்டர்கள் தங்களுக்குள் சுருக்கமாக ஸ்னக் என்பார்கள்.

இந்த நோயைத் தனியாகப் பிரித்து எழுதியதே 1986இல்தான், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில். அன்றைக்கு அந்தப் பெயர் எழுதப்பட்டால் மாதக்கணக்கில் எண்ண வேண்டியதுதான். அப்போது கையில் இருந்தது கத்தி. முகத்தைப் பக்கவாட்டில் கீறி மூக்கைத் திறக்கும் முறையைப் பிரான்சில் மூர் என்பவர் 1902இலேயே எழுதிவிட்டார். 1963இல் அமெரிக்காவில் கெட்சம் என்ற அறுவை நிபுணரின் குழு, கீழிருந்து முகத்தையும் மேலிருந்து மண்டையையும் ஒரே நேரத்தில் திறந்து, நடுவில் இருக்கும் கட்டியை ஒரே துண்டாக எடுத்த அனுபவத்தை வெளியிட்டது. அதுவரை தொட முடியாது என்று விட்டவர்களுக்கு அது பெரிய திருப்பம். ஆனால் சிலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது, முகம் மாறிப்போனது, மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியாகக் கசிந்து தொற்று வந்தது.

அப்புறம் எண்டோஸ்கோப்பி, அதாவது மெல்லிய குழாய்க் கேமரா, வந்தது. சைனஸ் அழற்சிக்காக ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வளர்த்த கலை, மெல்ல மெல்லக் கட்டிகளுக்கும் வந்தது. முகத்தில் கீறலே இல்லாமல் மூக்குத் துளை வழியாக உள்ளே போய் மண்டையின் அடித்தளம்வரை எடுக்க முடிந்தது. ஆனால் எடுத்தபிறகு மூளைக்கும் மூக்குக்கும் நடுவில் விழுகிற ஓட்டையை எதை வைத்து அடைப்பது? 2006இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹடாட், பசகாஸ்தேகி இருவர் பெயரில் வந்த முறை இதற்கு விடை கொடுத்தது. மூக்கின் நடுச்சுவரில் இருக்கும் சவ்வை அதற்கு ரத்தம் கொடுக்கும் தமனியோடு சேர்த்தே உரித்து, அப்படியே மேலே திருப்பி ஓட்டையின்மேல் போர்த்துவது. உயிருள்ள சவ்வு என்பதால் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு இந்தத் துறையில் படித்ததிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, ஒரு சவ்வைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு நல்ல அறுவை இருக்கும்போது ஏன் அண்ணனுக்கு அதை முதலில் செய்யவில்லை?

வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1991இல் அமெரிக்காவில் குரல்வளைப் புற்று உள்ள 332 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். குரல்வளையை எடுத்துவிடுவதுதான் அன்றைய வழக்கம். அதற்குப் பதிலாகப் பாதிப் பேருக்கு முதலில் கீமோ கொடுத்து, கட்டி நன்றாகச் சுருங்கியவர்களுக்கு ரேடியேஷன் மட்டும், சுருங்காதவர்களுக்கு அறுவை என்று பிரித்தார்கள். உயிர்வாழ்வதில் வித்தியாசம் இல்லை, ஆனால் கீமோ பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சொந்தக் குரலோடு இருந்தார்கள். மருந்துக்குக் கட்டி எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த அடி வைக்கலாம் என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது.

ஸ்னக்குக்கு அதே யோசனையைத் தெளிவாகக் காட்டியது ஹூஸ்டனில் உள்ள எம்டி ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வு. 95 பேர். எல்லாருக்கும் முதலில் கீமோ. கட்டி சுருங்கியவர்களில் அப்புறம் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்து வாங்கியவர்கள், 5 வருஷத்துக்குப் பிறகு இந்த நோயால் சாகாமல் இருந்தது 81 சதவீதம். சுருங்கியும் அறுவைக்குப் போனவர்களில் 54. இப்போது மறுபக்கம்: கீமோவுக்கு அசையாத கட்டி உள்ளவர்களில் ரேடியேஷன் பக்கம் போனவர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை, அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதம் இருந்தார்கள். இந்த நாலு எண்ணையும் நான் ஒரு தாளில் எழுதி மாமாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "அப்ப அவங்கள்ல நூத்துக்கு 39 பேரை கத்திதான காப்பாத்தியிருக்கு?" என்றார். அதுவும் சரிதான்! கத்தியை யாரும் தூக்கிப் போடவில்லை, எப்போது எடுப்பது என்பதைத்தான் கட்டியிடமே கேட்கிறார்கள்.

இதில் நான் கொஞ்சம் நிதானமாக இருக்க விரும்புகிறேன். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை இல்லை. ஒரே மருத்துவமனையின் பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்தது. யாருக்கு அறுவை, யாருக்கு ரேடியேஷன் என்பதை டாக்டர்கள் ஆளைப் பார்த்து முடிவு செய்திருப்பார்கள். அதனால் 81க்கும் 54க்கும் உள்ள இடைவெளி முழுவதையும் சிகிச்சையின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் இவ்வளவு அரிதான நோயில் பெரிய சோதனைக்கு ஆள் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால், கையில் உள்ள நல்ல சான்று இதுதான், டாக்டர்கள் இதை வைத்து முடிவெடுப்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

அண்ணனுக்கு சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட் இரண்டும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. கீமோ தொடங்குமுன் காது கேட்கும் சோதனை செய்தார்கள். மூக்குக்குத்தானே வைத்தியம், காதை ஏன் பார்க்கிறார்கள் என்று அண்ணி கேட்டார். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதனால்தான் மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். முடி கொட்டியது தைப்பூச நேரம். கீழ்வீட்டு அம்மா லிஃப்டில் பார்த்துவிட்டு, "தண்ணீர்மலைல முடி இறக்கியாச்சா? இந்த வருஷம் காவடியா?" என்று கேட்டதற்கு அண்ணன் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். உண்மையில் வெள்ளணு குறைந்திருந்ததால் கூட்டத்துக்குப் போகவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கீழ்வீட்டு அம்மா பஞ்சாமிர்தம் கேட்டு வந்ததுதான் பிரச்சினை.

இரண்டு சுற்று முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தது. கண்ணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்த பகுதி விலகியிருந்தது. இது ஏன் பெரிய விஷயம் என்றால், கட்டியைக் கொல்ல 66 முதல் 70 கிரே (கதிரை அளக்கும் அலகு) வரை கதிர் வேண்டும், கண் நரம்பு ஏறக்குறைய 54 கிரேவுக்கு மேல் தாங்காது. கட்டி நரம்பை ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்று கண்ணை விட வேண்டும், இல்லாவிட்டால் கட்டிக்குக் கதிர் குறையும். சில மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தாலே கதிரைத் திட்டமிடுகிறவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. அந்த ஸ்கேனை வைத்து டாக்டர்கள் எங்களோடு பேசியபோது அறுவை நிபுணரும் இருந்தார். "எனக்கு இப்போது வேலை இல்லை, ஆனால் பின்னால் தேவைப்பட்டால் நான் இருக்கிறேன்" என்று அவரே சொன்னார். கத்தி பிடிப்பவர் வாயிலிருந்து வந்ததால்தான் அண்ணன் நம்பினார் என்று நினைக்கிறேன்.

ரேடியேஷனுக்கு முன் பல் டாக்டரிடம் அனுப்பி, ஆடிய பற்களைப் பிடுங்கினார்கள், கதிர் பட்ட தாடையில் பிறகு பல் எடுத்தால் எலும்பு ஆறாமல் போகலாம். முகமூடி செய்த அன்று நான் கூட இருந்தேன். துளை துளையாக வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்று, கெட்டியாக இருந்தது. அதைச் சூடான தண்ணீர்த் தொட்டியில் போட்டார்கள், பிழிந்த துணி மாதிரி துவண்டுவிட்டது. எடுத்து, உதறி, அண்ணன் முகத்தில் நெற்றி முதல் தோள் வரை இழுத்து மேசையில் மாட்டினார்கள். இரண்டு பெண்கள், மூக்கின் ஓரத்தையும் மோவாயையும் விரலால் அழுத்தி அழுத்தி வடிவம் கொண்டுவந்தார்கள். சில நிமிஷத்தில் இறுகிவிட்டது. இனிமேல் தினமும், வாரம் 5 நாள், ஆறேழு வாரம் அதற்குள்தான் அசையாமல் படுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முகத்தில் துளைகளின் தடத்தோடு வெளியே வருவார். கடைசி வாரங்களில் வாயெல்லாம் புண், கஞ்சியைக்கூட ஆறவைத்து, உப்பில்லாமல்தான் விழுங்கினார்.

புரோட்டான் கதிர் கேட்டீர்களா என்று எல்லாரும் கேட்டார்கள், லீ சோங் வெய் தைவானில் எடுத்தது அதைத்தான். சாதாரண எக்ஸ்ரே கதிர் உடம்பைத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். கண்ணும் மூளையும் இடிக்கிற இந்த இடத்துக்குக் காகிதத்தில் அதுதான் பொருத்தம். 2014இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை லான்செட் ஆன்காலஜியில் வந்தது. புரோட்டான் வகைக் கதிர்கள் கொஞ்சம் மேல் என்று அது காட்டியது, ஆனால் அதிலும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை இல்லை. சென்னை தரமணியில் அப்போலோவின் மையம் 2019இல் திறந்தது, சிங்கப்பூரில் 2023 முதல் இருக்கிறது. இரண்டுக்கும் விசாரித்தோம். டாக்டர் நேராகச் சொன்னார்: இங்கேயே ஐஎம்ஆர்டி என்கிற, கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப அமைத்துக் கொடுக்கும் கதிரை அடுத்த வாரம் தொடங்கலாம், அங்கே போய்ச் சேர ஒரு மாதமாகும், இந்த நோய் ஒரு மாதம் காத்திருக்காது. வீட்டை விற்கத் தயாராக இருந்த பெரியப்பாவுக்கு அது பெரிய நிம்மதி.

இதைப் படித்துவிட்டு யாராவது அவர்கள் வீட்டு ஆளுக்கும் முதலில் கீமோதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துவிடக் கூடாது. அண்ணன் முன்பு பிறை என்கிற ஊரில் மரச்சாமான் பட்டறையில் இருந்தவர், அதனால் மரத்தூசிதான் காரணம் என்று உறவில் பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மரத்தூசி மூக்குப் புற்றுக்குக் காரணமாவது உண்மை. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் நாற்காலி மேசை செய்கிறவர்களிடையே அது அளவுக்கு மீறி இருப்பதை 1960களில் ஹாட்ஃபீல்ட், ஏச்சிசன் போன்றவர்கள் கண்டார்கள், 1995இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை உறுதியான காரணிகள் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அது முக்கியமாக எத்மாய்டில் வருகிற அடினோகார்சினோமா என்ற வேறு வகையோடு சேர்ந்தது, அதற்கு இன்றும் எண்டோஸ்கோப்பி அறுவைதான் முதல், பின்னால் ரேடியேஷன். மூக்கின் சளிச்சவ்வில் வரும் மெலனோமாவுக்கும், மோப்ப நரம்பிலிருந்து கிளம்பும் கட்டிக்கும் அப்படியே. இன்னொரு கோடியில் என்கே/டி லிம்ஃபோமா, ஆசியாவில் கூடுதலாக வருவது, மூக்கின் நடுவை அரித்துத் தின்னும். அதை ஒரு காலத்தில் என்னவென்றே தெரியாமல் சாவுப்புண் என்கிற பொருளில் அழைத்தார்கள். அதற்கு அறுவையே கிடையாது, ரேடியேஷனும் அஸ்பராஜினேஸ் என்ற மருந்து சேர்ந்த கீமோவும்தான். பழைய கீமோ கலவை அதனிடம் தோற்றுப்போனது.

அண்ணனுக்கு இப்போது வாசனை தெரியாது. காலையிலும் ராத்திரியிலும் உப்புத் தண்ணீர் பாட்டிலால் மூக்கைக் கழுவுகிறார், கழுவாத நாளில் பொருக்கு அடைத்துக்கொள்ளும். கண் இருக்கிறது, பார்வை இருக்கிறது, சின்ன லாரி ஒன்றை ஓட்டுகிறார். நோய் திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் என்பதால் சில மாதத்துக்கு ஒரு முறை எண்டோஸ்கோப்பி.

இதற்கிடையில் பயோடெக் படிக்கிற அக்கா மகன் ஒரு புதுச் சண்டையைக் கிளப்பியிருக்கிறான். 2017இல் சில ஆய்வுக் குழுக்கள் ஸ்னக் கட்டிகளில் நிறைய ஐடிஎச்2 என்ற மரபணுவில் ஒரே இடத்தில் மாற்றம் இருப்பதைக் கண்டன. அதே மரபணுவைக் குறிவைக்கும் எனாசிடெனிப் என்ற மாத்திரைக்கு அதே வருஷம் ஒரு வகை ரத்தப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அண்ணனின் கட்டியை நாமும் சோதித்துப் பார்ப்போமே என்கிறான். காசு நாமே கட்ட வேண்டும். டாக்டரிடம் கேட்டேன். இப்போது எடுத்தாலும் சிகிச்சை ஒரு துளியும் மாறாது, ஸ்னக்குக்கு அந்த மாத்திரை வழக்கத்தில் வரவில்லை, மெழுகில் பதித்த கட்டித் துண்டு பத்திரமாக இருக்கிறது, நோய் திரும்பினால் அன்றைக்கே அனுப்பலாம் என்றார். அக்கா மகனுக்கு ஏமாற்றம். எனக்கு டாக்டர் சொன்னது சரியாகப் படுகிறது. அண்ணனிடம் கேட்டதற்கு, லாரிக்குப் பின் டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டது, அந்தக் காசுக்கு முதலில் அதை மாற்றுகிறேன் என்றார்.